உள்ளே இழுக்காத புகை

"புகையை உள்ளே இழுத்துடாதே மாப்ளே, வாயில வச்சு அப்படியே விட்டுடு." முதன்முதலாகச் சுருட்டைக் கையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரும் அரை மணி நேரத்தில் முகம் வெளிறி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்ப, ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். வாயில் தண்ணீராக எச்சில் ஊறுகிறது. தலை கிறுகிறுக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது; சிலருக்கு வாந்தியும் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பெரியப்பாவோ அதே கட்டிலிருந்து உருவிய சுருட்டை எந்தச் சலனமும் இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பார்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. தினம் பத்து சிகரெட் பிடிப்பவரும் இதில் மாட்டிக்கொள்கிறார். நுரையீரல் நிறையப் புகை வாங்கியே பழகியவர் அவர். தொண்டைக்குக் கீழே இறங்காத புகை அவரை எப்படிக் கவிழ்த்தது?

உடம்பு பலவீனம், பித்தம், வெறும் வயிறு, சரக்கு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இவற்றில் வெறும் வயிற்றுக்கு மட்டும் உண்மையிலேயே பங்கு உண்டு. மற்றபடி குற்றவாளி நிக்கோட்டின்தான். புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்காகத் தயாரித்து வைத்திருக்கும் நஞ்சு அது. அதன் அளவுக்கு மீறிய வரவால் உடம்பு படும் பாட்டை இந்த அத்தியாயத்தில் நிக்கோட்டின் மயக்கம் என்று அழைப்போம்.

வேரில் பிறந்து இலைக்கு ஏறுவது

நிக்கோட்டின் இலையில் சேர்கிறதே தவிர, இலையில் உற்பத்தியாவதில்லை. 1940களில் அமெரிக்காவில் ரே டாசன் என்ற தாவரவியலாளர் ஒட்டுக்கட்டிச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. தக்காளி வேரின் மேல் புகையிலைத் தண்டை ஒட்டினால் இலையில் நிக்கோட்டின் அநேகமாக இல்லை. புகையிலை வேரின் மேல் தக்காளியை ஒட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் ஏறிவிடுகிறது. வேரில் பிறந்து, நீரோட்டத்தோடு மேலேறி, இலையில் தங்குகிறது.

பூ விடும் பருவத்தில் விவசாயிகள் செடியின் நுனியைக் கிள்ளிவிடுவதற்கும் இதில் தொடர்பு உண்டு. கிள்ளியதும் வேர் மும்முரமாகிறது. மிச்சமிருக்கும் இலைகளில், குறிப்பாக வெயில் படும் மேல் இலைகளில், நிக்கோட்டின் கூடுகிறது. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்துப் புகையிலைக்காரர்கள் அந்த மேல் இலையை 'லிகெரோ' என்று தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒரு சுருட்டின் உள்ளே லிகெரோ எவ்வளவு வைத்துச் சுற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் வீரியம். வெளியே சுற்றியிருக்கும் இலை கருப்பா வெளுப்பா என்பதை வைத்து வீரியத்தை எடைபோட முடியாது. கடையில் இளம் நிறச் சுருட்டாகப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சிகரெட் ஒன்றில் புகையிலை 1 கிராமுக்கும் குறைவு. நிக்கோட்டின் சுமார் 10 மில்லிகிராம். பெரிய சுருட்டில் புகையிலை 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அமெரிக்கச் சந்தையின் சுருட்டுகளை எடுத்து அளந்தபோது, மிகச் சிறியதில் 6 மில்லிகிராம் அளவிலும் மிகப் பெரியதில் 300 மில்லிகிராமைத் தாண்டியும் நிக்கோட்டின் இருந்தது. சாதாரணப் பெரிய சுருட்டு என்றால் நூறுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இலையில் இருப்பது வேறு, ரத்தத்துக்குப் போவது வேறு.

காரமான புகை

சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா வகைப் புகையிலையை மூடிய கொட்டகையில் சூடேற்றிச் சில நாட்களில் உலர்த்திவிடுகிறார்கள். இலையின் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. சர்க்கரை மிகுந்த இலை எரியும்போது வரும் புகை அமிலத்தன்மை கொண்டது. சுருட்டு இலையின் பக்குவம் நேர்மாறு. காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கி வாடும் இலை, தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்க்கிறது. பிறகு அடுக்கி வைத்துப் புழுக்குகிறார்கள். குவியல் சூடேறி, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை கிளம்பும். இப்படிப் பதமான இலையின் புகை காரத்தன்மை கொண்டது. மிளகாயின் காரத்தைச் சொல்லவில்லை. வேதியியலார் சொல்லும், அமிலத்துக்கு எதிரான, சுண்ணாம்பின் காரம்.

இந்த வேறுபாட்டில்தான் புதிரின் பாதி அவிழ்கிறது. அமிலச் சூழலில் நிக்கோட்டின் மூலக்கூறு மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றம் உள்ள மூலக்கூறு வாயின் உட்தோலைக் கடக்காது. காரச் சூழலில் அது மின்னேற்றத்தை உதறிவிட்டுக் கொழுப்பில் கரையும் பொருளாக மாறி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி என எங்கு பட்டாலும் உள்ளே நுழைந்துவிடும். சிகரெட் புகையில் இப்படி நுழையக்கூடியது நூற்றில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் சிகரெட்காரர் புகையை நுரையீரலுக்கு அனுப்பியே ஆகவேண்டும். அங்கே பரப்பளவு அவ்வளவு பெரியது என்பதால் அமிலம் ஒரு தடையாக இருப்பதில்லை. சுருட்டுப் புகைக்கு அந்தப் பயணம் தேவையில்லை. எரிய எரிய அதன் காரம் இன்னும் ஏறுகிறது; கடைசிப் பகுதியில் பாதி நிக்கோட்டினுக்கு மேல் நேராக வாய் வழியே போகும் நிலைக்கு வந்துவிடுகிறது.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பை விடுவதில்லை. உள்ளங்கையில் புகையிலையை வைத்துச் சுண்ணாம்போடு கசக்கி உதட்டுக்குள் அடக்குகிறவர்களும் அப்படியே. சுண்ணாம்பு இல்லாத புகையிலை 'ஏறாது' என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. நுரையீரலுக்கு வழியே இல்லாத அந்தப் பழக்கத்திலும் கிறுகிறுப்பு வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆக, புகையை உள்ளே இழுக்காதே என்ற அறிவுரை நல்ல அறிவுரைதான். இழுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் இழுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று அதற்குப் பொருள் இல்லை.

முதலில் தூண்டும், பிறகு அடைக்கும்

நிக்கோட்டின் உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு 1889இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு சோதனை நல்ல நுழைவாயில். ஜான் லாங்லியும் டிக்கின்சனும் ஒரு விலங்கின் கழுத்திலுள்ள நரம்புமுடிச்சின் மேல் (நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கைமாறும் இடம் அது) நிக்கோட்டின் கரைசலைத் தூரிகையால் தடவினார்கள். அந்த நரம்பைத் தூண்டினால் வழக்கமாகக் கண்மணி விரியும். நிக்கோட்டின் தடவியபின், முடிச்சுக்கு முன்னால் எவ்வளவு தூண்டினாலும் கண்மணி அசையவில்லை. முடிச்சைத் தாண்டித் தூண்டினால் விரிந்தது. கம்பி அறுந்துபோகவில்லை, கைமாறும் இடம் மட்டும் செத்துவிட்டது. அடைபடுவதற்கு முன்னால் அந்த இடம் கொஞ்ச நேரம் துள்ளிக் கிளர்ந்தது என்பதையும் கண்டார்கள்.

நரம்புமுடிச்சுகளில் செய்தி கொண்டுபோகும் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். அதை வாங்கிக்கொள்ளும் புரதங்களை ஏற்பிகள் என்போம். நிக்கோட்டின் அசிட்டைல்கோலினைப் போலவே அந்த ஏற்பிகளில் ஒட்டும். ஆனால் அசிட்டைல்கோலினைப் போல நொடியில் விலகிவிடாது. கொஞ்சமாக வந்தால் தூண்டல். நிறைய வந்தால், தூண்டித் தூண்டி மரத்துப்போகும் அடைப்பு.

நிக்கோட்டின் மயக்கத்தின் அறிகுறிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த இரு கட்டங்களும் தெரிகின்றன. முதலில் எச்சில் ஊறும், இதயம் படபடக்கும், கை லேசாக நடுங்கும், வியர்க்கும், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கும். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று ஓயாமல் சோதித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அங்கேயும் நிக்கோட்டினை அடையாளம் காணும் ஏற்பிகள் உண்டு. குமட்டல் அங்கிருந்து வருகிறது. அளவு இன்னும் மிஞ்சினால் இரண்டாம் கட்டம்: நாடித்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கி, கைகால் தளர்ந்து, ஆள் துவண்டுவிடுவார்.

ஒரு சுருட்டின் கணக்கு

இப்போது ஒரே ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். எடை 10 கிராம். கிராமுக்கு 12 மில்லிகிராம் வீதம் மொத்த நிக்கோட்டின் 120. பெரும்பகுதி கங்கிலேயே எரிந்தும், இழுப்புக்கு இழுப்பு நடுவே காற்றில் போயும், அடிக்கட்டையில் தங்கியும் வீணாகிவிடுகிறது. ரத்தத்துக்குப் போய்ச்சேர்வது 6 மில்லிகிராம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சிகரெட் ஒன்றில் போய்ச்சேர்வது சுமார் 1 மில்லிகிராம். ஆறு சிகரெட்டை ஒரே மூச்சில் பிடித்த மாதிரி.

அளவைவிடக் கவனிக்க வேண்டியது நேரம். நுரையீரல் வழியாகப் போன நிக்கோட்டின் 10, 20 நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. சிகரெட்காரருக்குப் 'போதும்' என்ற செய்தி அடுத்த இழுப்புக்குள் கிடைத்துவிடும். வாய்வழி அப்படியில்லை. நிக்கோட்டின் வாயின் உட்தோலில் ஊறித் தங்கி, மெதுவாக ரத்தத்துக்குக் கசிகிறது. விழுங்கிய எச்சிலோடு போனது குடலுக்குப் போய்ச்சேர இன்னும் நேரமாகும். மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டபின் மோட்டாரை நிறுத்த ஓடுவது போலத்தான். குழாயில் இருக்கும் தண்ணீர் அதற்குப் பிறகும் வழியும்.

இந்தத் தாமதம் 10 நிமிடம் என்று வைப்போம். புதியவருக்கு 2.5 மில்லிகிராமில் குமட்டத் தொடங்கும் என்றும் வைப்போம். சுருட்டை ஒரு மணி நேரத்தில் நிதானமாகப் பிடிப்பவருக்கு நிமிடத்துக்கு 0.1 மில்லிகிராம் சேர்கிறது. 25ஆம் நிமிடத்தில் எல்லையைத் தொடுகிறார், 35ஆம் நிமிடத்தில் உணர்கிறார். சுருட்டைக் கீழே வைக்கும்போது சேர்ந்திருப்பது 3.5. எல்லைக்குக் கொஞ்சம் மேலே. கொஞ்சம் புரட்டும், அடங்கிவிடும்.

அதே சுருட்டைச் சிகரெட் மாதிரி இழுத்து 20 நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பவருக்கு நிமிடத்துக்கு 0.3. எட்டாவது நிமிடத்திலேயே எல்லை வந்துவிட்டது. அவருக்கு அது தெரிவது 18ஆம் நிமிடத்தில். அதற்குள் 5.4 மில்லிகிராம் சேர்ந்தாயிற்று, எல்லையைப் போல இரண்டு மடங்கு. "நல்லாத்தான் இருந்தேன், திடீர்னு வந்துடுச்சு" என்று அவர் சொல்வது பொய்யில்லை. அவர் உடம்பு எட்டாவது நிமிடத்துக் கதையைப் பதினெட்டாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறது.

கணக்கில் போட்ட எண்கள் ஆளுக்கு ஆள், சுருட்டுக்குச் சுருட்டு மாறும். தாமதம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. சிகரெட்காரர் கவிழ்ந்ததற்கும் இதுவே காரணம்: அவருடைய பழக்கம் உடனடிச் செய்தியை நம்பி வளர்ந்தது. போதாக்குறைக்கு, பழக்கதோஷத்தில் நடுநடுவே புகையை உள்ளே வேறு இழுத்திருப்பார்.

வராமல் பார்த்துக்கொள்வது

வராமலிருக்க நிச்சயமான வழி பற்றவைக்காமல் இருப்பது. இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கும் நிக்கோட்டின் மயக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மயக்கம் வராமல் சுருட்டு பிடிக்கத் தெரிந்தவருக்கும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது.

இனி, பிடிக்கத்தான் போகிறேன் என்பவருக்கு. மேலே போட்ட கணக்கிலிருந்து முதல் விதி தானாகவே வருகிறது: நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் வேண்டாம். சுருட்டுப் பிரியர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் விதிதான். புகை சூடாகிக் கசக்கும் என்று அவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுவது நல்லது. காரம் ஏறுவது ஒரு பக்கம். முன்னால் எரிந்த இலையின் நிக்கோட்டினும் அந்த அடிப்பகுதியில்தான் படிந்து சேர்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராமல் விரல் சுடும்வரை இழுப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எச்சிலை விழுங்காமல் துப்புவது குமட்டலைக் குறைக்கும்.

சாப்பிட்டபின் பிடி என்பதற்கு வயிற்றில் 'தாங்கல்' இருக்கும் என்பதைவிடத் தெளிவான காரணம் உண்டு. நிக்கோட்டினை அழிப்பது கல்லீரல். சாப்பாட்டுக்குப் பிறகு கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. நிக்கோட்டின் வெளியேறும் வேகம் சுமார் 40 சதவீதம். சாப்பிட்டு முடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இது உச்சத்தில் இருக்கும். விருந்துக்குப் பின் சுருட்டு என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்குக் கல்லீரலைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, ஆனால் நேரத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் என்ன குடிக்கிறோம் என்பதும் விஷயம்தான். சிகரெட்டை விட முயல்பவர்கள் மெல்லும் நிக்கோட்டின் கோந்தை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மெல்லுவதற்கு முன் காபியோ கோலாவோ குடித்தவர்களின் வாய் அமிலமாகி, நிக்கோட்டின் உள்ளே போவது வெகுவாகக் குறைந்தது. அந்தக் கோந்தின் உறையில் புளிப்பான பானம் வேண்டாம் என்று போட்டிருப்பது இதனால்தான். அங்கே அது குறை. சுருட்டுக்காரருக்கு அதுவே அனுகூலம். எலுமிச்சைச் சாறு அவ்வப்போது ஒரு மடக்கு குடிப்பதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. மதுவுக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. அதுவும் கிறுகிறுக்க வைக்கும். எந்தக் கிறுகிறுப்பு எதனால் வந்தது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம்.

வந்துவிட்டால்

முதல் எச்சில் ஊறும்போதே சுருட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டு இழுப்பு" வேண்டாம். அடுத்த 10 நிமிடத்துக்கான நிக்கோட்டின் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அதனால் தண்ணீரில் நன்றாக வாய் கொப்பளித்துத் துப்புவது அடுத்த வேலை. எளிய இந்த வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள். புகை இல்லாத இடத்துக்குப் போய் உட்காரவோ படுக்கவோ வேண்டும். எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று நடப்பவர் ரத்த அழுத்தம் இறங்கி விழ வாய்ப்புண்டு. வாந்தி வரும்போல இருந்தால் ஒருக்களித்துப் படுக்கலாம். வண்டி ஓட்டக் கூடாது. காபி வேண்டாம், நடுக்கத்தையும் படபடப்பையும் அது கூட்டும்.

நாக்கில் சர்க்கரை போட்டுக்கொள்ளச் சொல்வது உலகெங்கும் சுருட்டுப் பிரியர்களிடம் புழங்கும் வைத்தியம். சர்க்கரை நிக்கோட்டினை முறிப்பதில்லை. பசியோடு பிடித்தவருக்குப் பசிக்களைப்பு நீங்குவதால் தெம்பு வரலாம். அது வேலை செய்ய ஆகும் 20 நிமிடத்தில் நிக்கோட்டினும் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும், பெயர் சர்க்கரைக்குப் போகும். சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கெடுதல் இல்லை. ரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகிறது. லேசான மயக்கம் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

பெரியப்பாவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை

ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டால் மரத்துப்போகின்றன. தினம் பிடிப்பவரின் வாந்தி மையம் நிக்கோட்டினைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. புகையிலை அறுவடையில் இதை வேறு கோணத்தில் பார்க்கலாம். பனியில் நனைந்த பச்சை இலையை அள்ளும் தொழிலாளர்களுக்கு, ஒரு துளி புகைகூட இல்லாமல், தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறி இதே குமட்டலும் வாந்தியும் வருகின்றன. 1970இல் ஃபுளோரிடா தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். பிறகு இந்தியப் புகையிலை வயல்களிலும் கண்டார்கள். அந்தக் கூட்டத்தில் புகைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தொல்லை குறைவாக வருகிறது. நிக்கோட்டின் குறைவாகப் போனதால் அல்ல. எச்சரிக்க வேண்டிய மையம் பேச்சை நிறுத்திவிட்டதால். பெரியப்பாவின் நிதானமும் அந்த வகைதான். 'பழகிக்கொள்' என்று புதியவரிடம் சொல்வது, அந்த மையத்தை ஊமையாக்கிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

இந்தப் பழக்கம் ராத்திரித் தூக்கத்தில் ஓரளவு கலையும். நாளின் முதல் சுருட்டு பழகியவருக்கும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிவது அதனால்தான்.

எப்போது பயப்பட வேண்டும்

60 மில்லிகிராம் நிக்கோட்டின் ஆளைக் கொல்லும் என்று நூறாண்டுக்கும் மேலாகப் பாடநூல்கள் எழுதிவந்தன. அப்படியென்றால் 120 மில்லிகிராம் சுருட்டு இருவருக்குப் போதுமே? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருந்தியலாளர் பெர்ன்ட் மாயர் இந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப்போனார். 1906இல் ருடால்ஃப் கோபெர்ட் எழுதிய நஞ்சியல் நூலும், அதற்கும் முன்னால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னாவில் சிலர் தங்கள் மேலேயே செய்துகொண்ட நம்பத்தகாத சோதனைகளும்தான் கிடைத்தன. விழுங்கினால் கொல்லும் அளவு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் என்று 2014இல் அவர் எழுதினார்.

வளர்ந்தவர் ஒரு சுருட்டுப் புகையால் சாவதில்லை என்பது ஆறுதல்தான். குழந்தை விஷயத்தில் அந்த ஆறுதல் கிடையாது. சாம்பல் கிண்ணத்தில் கிடக்கும் அடிக்கட்டையில்தான் நிக்கோட்டின் செறிந்திருக்கிறது, குழந்தையின் எடையோ பெரியவரின் எடையில் ஒரு சிறு பங்கு. அதை வாயில் போட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களிலும் வாந்தி நிற்காவிட்டால், மூச்சு விடச் சிரமப்பட்டால், நெஞ்சு வலித்தால், வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால் 108ஐ அழைத்துவிட வேண்டும். வாய்க்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். என்ன, எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது பெரிய உதவி. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைப் போட்டுக்கொண்டே சுருட்டும் பிடித்திருந்தால் அதையும் சொல்லி, பட்டையைப் பிய்த்தெறிந்துவிட வேண்டும். நிக்கோட்டினுக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. நாடித்துடிப்பு மிகவும் இறங்கினால் அட்ரோபின், வலிப்புக்கு வலிப்பு மருந்து, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம் என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பார்கள். அழிக்கும் வேலையைக் கல்லீரல்தான் செய்யும்.